கத்தரிக்கோலுக்கு வாய்க்கட்டு

அந்தக் காலத்தில் மனிதனும் ஓநாயும் ஒரே மொழியில்தான் திட்டிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்று எழுதுவதே முறை. ஆனால் பல்கேரியாவின் ரொடோப்பி மலையில் நடந்த இந்த விவகாரத்தில் யாரும் யாரோடும் நிதானமாகப் பேசியதாகத் தெரியவில்லை.

பல்கேரியா என்றால் ரோஜா அத்தர், தயிர், ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் வழக்கம் ஆகிய மூன்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டு வியப்படைய நமக்கு உரிமை கிடையாது. இந்தக் கதைக்கு அவை எதுவும் வேண்டாம். ஒரு சொல் மட்டும் தெரிந்தால் போதும்: கூம்.

கூம் என்பவர் குழந்தைக்குப் பெயர் வைப்பவர்; அதன் முதல் முடியை வெட்டுபவர். நம் ஊரில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்துகிறோமே, அந்த மடியின் அதிகாரம் அங்கே கூமுக்கு. ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்த உறவைவிட ஒரு படி மேல். விருந்தென்றால் வீட்டுக்காரர்கள் மரக்குடுவையில் திராட்சை மதுவும் கையில் வட்ட ரொட்டியுமாக அவர் வாசலுக்கே போய் அழைக்க வேண்டும். அவர் வந்து பந்தியின் தலைமாட்டில் உட்காரும்வரை யாரும் ரொட்டியைப் பிய்க்கக் கூடாது. முழுக் கோழி அவருக்கு. தாய்மாமன் கோபித்துக்கொண்டால் காதுகுத்து நின்றுபோகும். கூம் கோபித்துக்கொண்டால் குலமே நின்றுபோகும். தெய்வம் இட்ட சாபத்துக்குப் பரிகாரம் உண்டு, கூம் இட்டதற்குக் கிடையாது என்று அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்த மலைச்சரிவில் மேலூர் என்று ஓர் ஊர். அங்கே கேரா என்றொரு தையற்காரி. ஆண்களின் சட்டை, கால்சராய், ஆட்டுமயிர் மேலங்கி எதுவானாலும் அவள் வெட்டினால்தான் உடம்பில் உட்காரும். அவளுடைய கத்தரிக்கோலையும் நாக்கையும் ஒரே சாணையில் பிடித்திருக்கிறார்கள் என்று ஊரார் சொல்வார்கள். அவள் இல்லாதபோது சொல்வார்கள். கணவன் தோப்ரி ஆடு மேய்ப்பவன். சாது. கோபம் வந்தால் அதை ஆடுகளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவான்.

அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. கடைசியாக ஒரு பெண் பிறந்தது. அதுவும் சவலையாகத்தான் இருந்தது. குழந்தை தங்காத வீட்டுக்கு அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கூமை விட்டுவிட வேண்டும். பச்சைக் குழந்தையை நாற்சந்தியில் கிடத்திவிட்டுப் பெற்றவர்கள் மறைந்து நிற்க வேண்டும். அந்த வழியாக முதலில் வருபவர் எவரோ அவரே புதிய கூம். பிச்சைக்காரரானாலும் சரி, திருடனானாலும் சரி, மறுக்கக் கூடாது. வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் மனிதர்களை மட்டும் மனதில் வைத்திருந்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல மறந்துவிட்டார்கள். சட்டம் இயற்றுபவர்கள் இன்றுவரை செய்கிற பிழைதான்.

மூடுபனி விலகிக்கொண்டிருந்த காலையில் நாற்சந்திக்கு முதலில் வந்தது ஓர் ஓநாய்.

அது குழந்தையை முகர்ந்தது. பிறகு புதரைப் பார்த்துக் கத்தியது.

"யாரடா அங்கே? வெளியே வா! நீ தின்ற வெங்காயம் இங்கே வரைக்கும் நாறுகிறது."

தோப்ரி எழுந்து நின்றான். பக்கத்தில் கேரா எழுந்தாள். அவள் கையில் கோடரி இருந்தது.

"பெற்ற பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டுப் புதரில் பதுங்குகிறீர்களே, வெட்கமாக இல்லை?" என்றது ஓநாய். "எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இப்படிச் செய்தால் காதைக் கடித்து விரட்டிவிடுவோம்!"

"குழந்தைகள் தங்குவதில்லை, ஐயா," என்றான் தோப்ரி. கையில் கோடரி இல்லாத மனிதனுக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது. "அதனால்தான் இப்படி. முதலில் வருகிறவர் கூம். அதாவது... நீங்கள்."

"நானா?"

"இவனா?" என்றாள் கேரா.

"கோடரியைக் கீழே போடு, கேரா. வழக்கம் வழக்கம்தான்."

"உன் வழக்கத்தில் தீயை வை! பல்லைப் பார், தோப்ரி! அந்தப் பல்லைப் பார்த்துவிட்டுச் சொல்!"

இதற்குள் துணியில் சுற்றிக் கிடந்த குழந்தை காலை உதைத்து உதைத்துப் பாதையோரப் பள்ளத்தின் பக்கம் சரிந்தது. பெற்றவர்கள் சண்டையில் இருந்தார்கள். ஓநாய்தான் முன்னங்காலை நீட்டித் தடுத்தது. "தங்கு!" என்று அதட்டியது.

தங்கு, நில் என்ற பொருளில் ஸ்தானா என்று அங்கே பெண்களுக்குப் பெயர் உண்டு. கூமின் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுவாக இருந்ததால் குழந்தைக்கு அதுவே பெயராயிற்று. கேராவை யாரும் கேட்கவில்லை. அதுவும் அவள் மனதில் ஒரு முள்.

ஸ்தானா தங்கினாள். தங்கியது மட்டுமல்ல, கொழுத்தாள். தோப்ரியின் மந்தையில் ஒரு குட்டிகூட குறையவில்லை. மற்ற ஓநாய்கள் அந்தப் பக்கம் மூக்கை நீட்டினால் கூம் அவற்றின் தோலைக் கிழித்து அனுப்பியது. பண்டிகை நாட்களில் வாசலில் ஒரு முயல் கிடக்கும். தோப்ரி அதைப் பெருமையாக உள்ளே எடுத்து வருவான்; "நம் கூம் அனுப்பியிருக்கிறார்," என்பான். கேரா பதிலுக்கு வேலியோரம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைப்பாள். வைத்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பாள்.

பார்த்தார்கள். கணவன்மாரின் அளவு கொடுக்க வந்த பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "உங்கள் கூம் வந்துவிட்டுப் போனாரோ?" என்பார்கள். கேரா ஊசியைத் துணியில் குத்துகிற குத்தில் துணி அழும்.

முதல் முடி வெட்டும் நாள் நெருங்கியது. தோப்ரியின் அக்கா துதோரா கீழூரிலிருந்து வந்து இறங்கினாள். அவள் கணவன் மிஞ்சோவுக்கு ஆற்றில் சொந்த மாவு ஆலை. எங்கே போனாலும் அந்த ஆலையைத் தலையில் சுமந்துகொண்டுதான் போவாள்.

"சபையில் யார் முடி வெட்டப் போவது?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"கூம்தான், அண்ணி," என்றாள் கேரா.

"எது? அந்த நாலு கால் கூமா?" துதோரா சிரித்தாள். "நல்ல கூத்து! தலைமாட்டில் ஓநாய் உட்காரும், அதன் எதிரே என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டும்! அது கத்தரிக்கோலை எதில் பிடிக்கும், வாலிலா?"

"வழக்கம் என்று உங்கள் தம்பிதான்..."

"தம்பிக்கு என்ன தெரியும்? ஆட்டோடு பேசுகிறவன். நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது கூம் யார் என்று கேட்பார்கள். வாயைத் திறந்து சொல்லேன் பார்க்கலாம்."

ஊரில் யார் கேட்டாலும் சூடாகத் திருப்பிக் கொடுக்கிற கேரா, நாத்தனாரிடம் ஊமையானாள். கோபம் வந்தது. துதோராவின் மேல் வந்த கோபம் சுற்றி வளைத்துக்கொண்டு போய் ஓநாயின் மேல் உட்கார்ந்தது. கோபத்துக்கு அப்படியொரு குணம். வலிமையுள்ளவர் மேல் பிறக்கும், எதிரே இல்லாதவர் மேல் போய் இறங்கும்.

மரக்குடுவையும் வட்ட ரொட்டியும் காட்டுக்குப் போகவில்லை.

"கூமுக்குச் சொல்லியாயிற்றா?" என்று தோப்ரி கேட்டான்.

"ஆயிற்று," என்றாள் கேரா. மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

விருந்து நாளில் முற்றத்தில் நீளமாகப் பந்தி போட்டார்கள். பையிசைக் குழல்காரன் ஆட்டுத்தோல் பையைக் கக்கத்தில் அமுக்கி ஊதத் தொடங்கினான். அந்தக் குழல் இரண்டு மலைக்கு அப்பாலும் கேட்கும் என்பதைக் கேரா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அழைப்பை மறைக்கலாம். விருந்தை மறைக்க முடியாது.

ஓநாய் வந்தது. நட்டநடுப் பகலில், திறந்திருந்த வாசல் வழியாக, தலை நிமிர்ந்து வந்தது. உடம்பெல்லாம் நக்கிச் சுத்தம் செய்திருந்தது. வாயில் ஒரு கொழுத்த முயல்.

குழல் நின்றது. முயலை வாசற்படியில் வைத்துவிட்டு ஓநாய் பந்தியின் தலைமாட்டைப் பார்த்தது. அங்கே மிஞ்சோ உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே முழுக் கோழி. ஒரு கால் ஏற்கெனவே போயிருந்தது.

"இந்த ஆள் யார்?"

"மாவு... மாவு ஆலை," என்றான் மிஞ்சோ. நாற்காலியிலிருந்து வழிந்து மேசைக்கு அடியில் போய்விட்டான்.

"கூமே, வாருங்கள், வாருங்கள்," என்று தோப்ரி ஓடி வந்தான். "தாமதம் ஆனதால் ஏதோ... அழைப்பு வந்ததல்லவா?"

"எந்த அழைப்பு?"

தோப்ரி மனைவியைப் பார்த்தான். ஆடுகளிடம் சொல்லிவிட்டு வர நேரமில்லை. "கேரா! நீ போகவில்லையா? ஆயிற்று என்று சொன்னாயே! என் தலையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாயே!"

"கத்தாதே!" என்றாள் கேரா.

ஓநாய்க்கு முதுகு மயிர் எழுந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நான் கேட்டு வந்த உறவா இது? என் வழியில் நான் போய்க்கொண்டிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, ஐயா என்று சொல்லி, தலையில் கட்டினீர்கள். உன் குழந்தைக்காக என் சொந்தத் தம்பியின் காதைப் பிய்த்திருக்கிறேன், தெரியுமா உனக்கு? என் கூட்டம் என்னை நாய் என்கிறது. அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு குடுவை மது, ஒரு ரொட்டி. நான் அதைக் குடிக்கப் போவதும் இல்லை, தின்னப் போவதும் இல்லை. கொண்டுவந்து வாசலில் நிற்பதற்கு உன் கால் வலித்ததா?"

சபை முழுவதும் கேராவைப் பார்த்தது. துதோராவும் பார்த்தாள். ஆட்டை அவிழ்த்துவிட்டவள் வேலியில் சாய்ந்து நிற்பது போல அவ்வளவு அப்பாவியாகப் பார்த்தாள். அதுதான் கேராவால் தாங்க முடியாமல் போனது. கூமான நாளிலிருந்து ஓநாயை அவள் 'நீங்கள்' என்றே சொல்லிவந்தாள்.

"நீ வந்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கத்தினாள். "உனக்கு விரல் இருக்கிறதா? கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா? காட்டில் கிடப்பதற்கு மாலை மரியாதை கேட்கிறதோ?"

அந்த 'நீ' முற்றத்தில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"முதல் முடியைக் கூம் வெட்ட வேண்டும் என்பது வழக்கம்," என்றது ஓநாய். "கத்தரிக்கோலால் என்று எவன் சொன்னான்?"

அது நேராக நடந்து ஸ்தானாவிடம் போனது. முற்றத்தின் நடுவே முக்காலியில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். ஓநாயைக் கண்டதும் அவள் கெக்கலித்து அதன் காதைப் பிடித்து இழுத்தாள். ஓநாய் ஒரு முன்னங்காலை முக்காலியின் விளிம்பில் ஊன்றியது. வாயைத் திறந்தது. குழந்தையின் நெற்றிக்கு மேலே, முடிச்சுருள் ஒன்றை நோக்கிக் குனிந்தது.

கேரா பார்த்தது பற்களை மட்டும்தான். முடி வெட்ட மிஞ்சோவிடம் கொடுப்பதற்காக வைத்திருந்த கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது. பாய்ந்தாள். இரண்டு அலகையும் விரித்து, ஊன்றியிருந்த அந்தக் காலின் மேல் முழுப் பலத்தோடு மூடினாள்.

நரம்பு அறுந்தது. கம்பளி அறுபடும் சத்தத்துக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. தையற்காரிக்கு அது உடனே தெரிந்தது.

ஓநாய் அலறவில்லை. அலற முடியாது. அதன் பல்லிடுக்கில் முடிச்சுருள் இருந்தது. அதைத் தோப்ரி ஓடிவந்து ஏந்திய மடித்துணியில் மெதுவாக வைத்தது. அடிவரை ஒரே நேராக வெட்டுப்பட்டிருந்தது. குழந்தையின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. நகம் பட்ட சுவடும் இல்லை. அவ்வளவு நேர்த்தியாகத் தன்னால் வெட்டியிருக்க முடியாது என்பதைக் கேரா கண்டாள். தொழில் தெரிந்தவள் கண்ணுக்கு அது தப்பாது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும்.

காத்திருந்து பார்த்துவிட்டு ஓநாய் சொன்னது: "சரி. இனிமேல் உன் கத்தரிக்கோல் வாய் திறக்கும்போதெல்லாம் என் இனமும் வாய் திறக்கும். நீ வெட்டித் தைத்ததை உடுத்திக்கொண்டு எவன் காட்டுக்குள் வந்தாலும் அவன் துணி வேறு தோல் வேறு என்று நாங்கள் பார்க்கப் போவதில்லை."

மூன்று காலால் நடந்து வாசலைத் தாண்டிப் போனது. முற்றத்தின் குறுக்கே ரத்தம் கோடு போட்டிருந்தது. துதோரா கணவனை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கேரா வீம்புக்கென்றே ஒரு கம்பளித் துண்டை எடுத்து வெட்டினாள். சரிவிலிருந்து தோப்ரியின் கூக்குரல் கேட்டது. சினை ஆடு போயிற்று. சட்டைக் கையை வெட்டினாள். இன்னொரு ஆடு போயிற்று. அவள் தைத்த கால்சராயை அணிந்து விறகுக்குப் போனவன் கால்சராயில்லாமல் ஓடி வந்தான். தொடையில் பல் பதிந்திருந்தது. ஊரார் சட்டைகளைக் கொண்டுவந்து அவள் வாசலில் எறிந்தார்கள்.

"தூ! ஊரைத் தின்ன வந்தவளே!"

"போடி! பழையபடி ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொள்கிறோம்!"

"எங்களைக் கேட்டா கூமை வெட்டினாய்?"

கேரா யாருக்கும் குறையாமல் திருப்பித் திட்டினாள். தோப்ரி மட்டும் திட்டவில்லை. பேசவே இல்லை. அது அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு நாள் பிற்பகல். கேரா கிணற்றடியில் இருந்தாள். வீட்டுக்குள் ஸ்தானா தவழ்ந்துபோய், பரணிலிருந்து தொங்கிய நாடாவை இழுத்துக் கத்தரிக்கோலைக் கீழே கொண்டுவந்திருந்தாள். பளபளப்பான பொருள். இரு கையாலும் பிடித்துத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். சத்தம் பிடித்திருந்தது. சிரித்தாள்.

வெறுங்கத்தரியைச் சொடுக்கினால் வீட்டில் சண்டை வரும் என்று நம் வீடுகளிலும் குழந்தைகள் கையில் அடித்துப் பிடுங்குவோம். மேலூரில் சண்டை வரவில்லை. ஓநாய்கள் வந்தன.

கேரா வாளியோடு திரும்பியபோது வாசற்படியின் முன் அவை வரிசையாக நின்றன. எல்லாவற்றின் வாயும் திறந்திருந்தது. உள்ளே கத்தரிக்கோல் திறக்கும்போது பற்கள் விலகின, மூடும்போது சேர்ந்தன. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் அடி முன்னால் வைத்தன. கேரா வாளியை வீசினாள், அவற்றின் நடுவிலேயே விழுந்து ஓடி உள்ளே போனாள், குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி இரு கைகளுக்குள் வைத்து இறுக்கினாள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது. விடவில்லை. வெளியே வாய்கள் மூடின. ஓநாய்கள் தூக்கத்திலிருந்து எழுந்தவை போல ஒன்றையொன்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

அன்றே கேரா குடுவையில் மது ஊற்றினாள். வட்ட ரொட்டி சுட்டாள். ஸ்தானாவைத் தோப்ரியின் கையில் திணித்தாள்.

"எங்கே போகிறாய்?" அத்தனை நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

"உன் கூமிடம்!"

குகை வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஓநாய் அறுந்த காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது.

"நேரத்தோடு வந்துவிட்டாய்," என்றது. "விருந்து முடிந்து மாதமாகிறது."

கேரா குடுவையையும் ரொட்டியையும் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் மது சிந்தியது. "சாபத்தை எடு."

"எடுக்க முடியாது. கூம் இட்டதைக் கூமாலும் எடுக்க முடியாது. உங்கள் வழக்கம்தானே? என்னைக் கேட்டா செய்தீர்கள்?"

"அது குழந்தை! உன் குழந்தையும்தானே! இன்று அவள் கையில் கத்தரிக்கோல். உன் ஆட்கள் என் வாசலில் நின்றார்கள்!"

ஓநாய் எழுந்துவிட்டது. அறுந்த கால் தரையில் பட்டு மடங்கியது. "ஸ்தானாவா? ஸ்தானா சொடுக்கினாளா? அறிவு இருக்கிறதா உனக்கு? கைக்கெட்டும் இடத்திலா கத்தரிக்கோலைத் தொங்கவிடுவாய்?"

"என்னைக் கேட்க நீ யார்?"

"கூம்!"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். பறவைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன என்பது என் ஊகம்.

"எடுக்க முடியாதென்றால் அதோடு எதையாவது சேர்," என்றாள் கேரா கடைசியில். "துணியில் ஓட்டை விழுந்தால் ஓட்டையை எடுக்க முடியாது. ஒட்டுப் போடலாம்."

ஓநாய் யோசித்தது. "ஆண்டு முழுவதும் என் வாயை நான் கட்டிக்கொள்கிறேன். என் கூட்டத்தின் வாயையும் கட்டுகிறேன். எப்படி என்று கேட்காதே, அது என் பாடு. நீ வெட்டலாம், தைக்கலாம். ஆனால் குளிர் தொடங்கும்போது நவம்பரில் சில நாட்கள் எல்லா மலை ஓநாய்களும் ஒன்றுகூடி இறங்கும். அப்போது என்னால் முடியாது. என் வாயையே நான் அடக்க முடியாது. அந்த நாட்களில் நீ கட்டு."

"எதை?"

"உன் கத்தரிக்கோலின் வாயை. நூல் போட்டு இறுக்கிக் கட்டு. ஊரில் ஒரு கத்தரிக்கோல்கூடத் திறக்கக் கூடாது. ஆண்களின் துணியை ஒருத்தியும் தைக்கக் கூடாது. காட்டுக்குள் வருகிறவர்கள் அவர்கள்தான்."

கேராவின் கண் சுருங்கியது. அவள் இத்தனை ஆண்டுகளாக மலை ஆண்களுக்குக் கால்சராய் தைத்திருந்தாள். இப்போது அதே ஆண்களின் வாயால் வசை வாங்கிக்கொண்டிருந்தாள். "தைக்க மாட்டோம். நூற்க மாட்டோம். நெய்யவும் மாட்டோம். துவைக்கவும் மாட்டோம்."

"துவைப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை."

"நான் சொல்கிறேன்."

ஓநாய் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. "சேர்த்துக்கொள்," என்றது.

கேரா போர்வையின் விளிம்பிலிருந்து கம்பளி நூலை உருவி, அங்கேயே கத்தரிக்கோலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அப்படியும் அடங்கவில்லை. மார்பில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, பாவாடை விளிம்பை இழுத்து, துணியைப் பார்க்காமல் ஓநாயையே முறைத்துக்கொண்டு குத்தித் தைக்க ஆரம்பித்தாள்.

"என்ன தைக்கிறாய்?"

"உன் வாயைத் தைக்கிறேன்!"

"இன்னும் என்ன தைக்கிறாய்?"

"உன் கண்ணை! உன் காதை! என் மகளைப் பார்க்காதே, கேட்காதே, தொடாதே!"

"தை," என்றது ஓநாய். "நன்றாகத் தை. இனி ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லித் தை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். கூட்டம் முன்னால் போய்விடும். நான் பின்னால் வருவேன். ஓநாய்கள் கடந்துவிட்டன என்று உன் ஊர் கதவைத் திறக்கும், கத்தரிக்கோலை அவிழ்க்கும். அப்போதுதான் நான் உங்கள் எல்லைக்கே வந்திருப்பேன். யாருடைய கட்டுக்கும் அடங்காத பசியோடு வருவேன்."

"எவ்வளவு பின்னால் வருவாய்?"

"நீ எவ்வளவு ஆழமாக வெட்டினாயோ, அவ்வளவு."

கேராவின் ஊசி நின்றது. அந்தக் காலைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து, கட்டின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். மன்னிப்புக் கேட்டதாகக் கதையில் எங்கும் இல்லை. திரும்பி நடந்தாள். ஊரை அடையும்வரை ஓநாயையும் துதோராவையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே போனாள்.

நவம்பர் வந்தது. கேரா வீடு வீடாகப் புகுந்து கத்தரிக்கோல்களைக் கட்டினாள். மறுத்தவர்களின் வாயையும் கட்டிவிடுவேன் என்றாள். ஓநாய்கள் மலையிலிருந்து இறங்கின. மேலூரைச் சுற்றிக்கொண்டு போயின. வாய் எதுவும் திறக்கவில்லை. கடைசி ஓநாயும் மறைந்த பிறகு பெண்கள் முற்றத்துக்கு வந்தார்கள். விருந்தாட வந்து அகப்பட்டுக்கொண்ட துதோராவும் வந்தாள்.

"போய்விட்டன! அவிழ்த்துவிடுங்களடி! என் வீட்டுக்காரரின் சட்டை பாதியில் கிடக்கிறது."

"எவளாவது முடிச்சில் கைவைத்தால் கையை ஒடிப்பேன்," என்றாள் கேரா. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்? எல்லாம்தான் போய்விட்டதே?"

"இன்னும் ஒருவர் வர வேண்டும்."

"ஒருவரா? யார் அது?"

"எங்கள் கூம்," என்றாள் கேரா. "அவர் மெதுவாகத்தான் வருவார். சத்தம் போடாமல் உட்காருங்கள், அண்ணி."

உட்கார்ந்தார்கள். அந்த நாள் முழுதும் போயிற்று. மறுநாள் வெயில் ஏறியபோது சரிவில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. மூன்று காலால் ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, நின்று நின்று வந்தது. ஊரின் பக்கம் அது திரும்பவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. அது மேட்டைத் தாண்டி மறைந்ததற்குப் பிறகும் கேரா கொஞ்ச நேரம் நின்றாள். அதன் பிறகே முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள். நேரமாயிற்று. மிகவும் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அன்று முதல்தான் பல்கேரிய மலையூர்ப் பெண்கள் ஓநாய் நாட்களில் கத்தரிக்கோலின் வாயை நூலால் கட்டி, ஆண்களின் துணியைத் தொடாமல் இருக்கிறார்கள். கூட்டமெல்லாம் கடந்துபோன பிறகும் நொண்டி ஓநாய்க்கென்று ஒரு நாள், எவ்வளவு அவசரமானாலும், அவிழ்க்காமல் காத்திருக்கிறார்கள்.